குறைத்துப் போடுங்கள் என்று கேட்டவள்

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போடும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டது என்று போவார்கள். மேடையில் ஆட விடவில்லை என்று போவார்கள். என்னோடு வேலை செய்யும் லோகேஸ்வரி போனது, மகளுக்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள், அதைக் குறைக்க வேண்டும் என்று. அதற்காக அவளைப் பைத்தியம் என்றார்கள். தமிழ்ப்பள்ளிக்குத் துரோகி என்றார்கள். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருவரும் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறோம். லோகேஸ்வரிக்கு நாற்பதை நெருங்கும் வயது. வீடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில். கணவர் வாசுவுக்கு ஜுருவில் கார் பட்டறை வேலை. தினமும் தீவிலிருந்து பாலம் கடந்து பெருநிலத்துக்குப் போய் வருகிறார். ஒரே மகள், அதிரா.

லோகேஸ்வரியின் கோபம் நேற்று வந்ததில்லை. அவள் ஆறாம் ஆண்டு படித்தபோது, தொடக்கப்பள்ளி முடிக்கும் எல்லாரும் எழுதும் யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு இருந்தது. எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்பதை வைத்துத்தான் அன்று ஒரு தொடக்கப்பள்ளியை எடைபோட்டார்கள். முடிவு வந்ததும் வாசலில் பேனர் கட்டுவார்கள், பத்திரிகையில் படம் போடுவார்கள். மலாயும் கணக்கும் ஏறாத பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆசிரியர் வீடு தேடி வந்தார். அவளுடைய அப்பா தங்கராஜு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாத்தியார் தன் வீட்டு வாசல் மிதித்த சந்தோஷத்தில் ஓடிப்போய் ஆரஞ்சு பானம் வாங்கிவந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

"தங்கராஜு, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு வீட்டுலயே வெச்சுக்குங்க. வந்து எழுதுனா ஃபெயிலுதான். வரலன்னா பள்ளிக்கூடத்துக்கும் பாதிப்பில்ல, அவளுக்கும் அவமானம் இல்ல பாருங்க" என்றாராம் அந்த ஆசிரியர்.

அப்பா தலையாட்டினார். முதல் நாள் காலை சீருடையோடு நின்றவளை அம்மா உடை மாற்றச் சொன்னார். தேர்வு முடியும்வரை காய்ச்சல் இல்லாத பெண் காய்ச்சல்காரியாகப் படுத்துக் கிடந்தாள். அந்த வருடம் பேனர் பெரிதாகவே தொங்கியது. தேறாதவர்கள் கணக்கில்கூட அவள் இல்லை. இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் போட்டார்கள், பிறகு கடைசி வகுப்பில் தள்ளினார்கள். மூன்றாம் படிவத்தோடு, பதினாறு வயதில், படிப்பு நின்றது. மலாயை எழுத்துக்கூட்டிப் படிக்க அவள் தானாகக் கற்றுக்கொண்டது கல்யாணம் ஆன பிறகுதான்.

அதனால் 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது, கடையில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள்.

"இனிமே எந்தப் புள்ளையையும் வீட்டுல படுக்க வைக்க மாட்டாங்கக்கா" என்றாள் என்னிடம்.

புது முறையில் எனக்கும் குறை தெரியவில்லை. ஆண்டு முழுக்க ஆசிரியரே வகுப்பறையில் பிள்ளையைக் கவனித்து, பாடத்துக்குப் பாடம் ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு நிலை கொடுப்பார். ஒன்று, இரண்டு என்றால் பிள்ளைக்குக் கை கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். மூன்று என்றால் அடிப்படை வந்துவிட்டது. ஆறு என்றால் பிரமாதம். தினமும் பார்க்கிறவர் சொல்வது ஒரு நாள் தேர்வு சொல்வதைவிடச் சரியாகத்தானே இருக்கும்? அதிராவின் மூன்றாம் ஆண்டு அறிக்கையில் தமிழுக்கு நாலு, மலாய்க்கு நாலு. லோகேஸ்வரி அதைக் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

நாலாம் ஆண்டு தொடங்கிய புதிதில் ஒரு சனிக்கிழமை. லோகேஸ்வரி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதிரா பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தைக் கணீரென்று வாசித்தாள். சந்தையைப் பற்றிய பாடம். அம்மா கத்தரிக்காய் வாங்கினார், மீன்காரர் சிரித்தார் என்று தங்குதடை இல்லாமல் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த லோகேஸ்வரி, திறந்திருந்த பக்கத்தில் மழையும் குடையும் இருப்பதைப் பார்த்தாள். சந்தை அடுத்த பக்கத்தில் இருந்தது.

விரலை ஒரு சொல்லில் வைத்து, "இது என்னாம்மா?" என்று கேட்டாள். படத்தைப் பார்த்துவிட்டுக் "குடை" என்றாள் அதிரா. அந்தச் சொல் 'தவளை'. இன்னொரு சொல், இன்னொரு படம், இன்னொரு ஊகம். அப்புறம் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்று வருடமாக டீச்சர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தே ஓட்டியிருக்கிறாள். எவ்வளவு உழைப்பு அது! வாசிக்கக் கற்றுக்கொள்வது அதைவிட லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை லோகேஸ்வரி பள்ளிக்குப் போனாள். போன வருடமும் இந்த வருடமும் அதிராவுக்கு வகுப்பாசிரியை துஷ்யந்தி. இளம் வயதுக்காரி. விஷயத்தைக் கேட்டதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாடிப்படி ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

"அக்கா, நான் ரெண்டுதான் போட்டிருந்தேன்" என்றார் துஷ்யந்தி. "மூணுக்குக் கீழ போட்டா ஏன் கொறஞ்சதுன்னு மாவட்டக் கல்வி ஆபீசுக்கு விளக்கம் சொல்லணும். அங்க மீட்டிங்ல பள்ளிக்கூடத்துப் பேர ஸ்கிரீன்ல செவப்புல காட்டுவாங்க. அதனால மூணுக்குக் கீழ யாருமே இருக்கக்கூடாதுன்னு பெரிய சார் சொல்லிட்டாரு. மூணே நெறைய இருந்தாலும் கேள்வி வரும்னு நாலாவே போட்டோம். மாத்துனது என் கைதான். அத மறைக்க மாட்டேன்."

"அப்ப குறைநீக்கல் வகுப்புன்னு ஒண்ணு இருக்கே டீச்சர்? அதுல ஏன் சேக்கல?"

"அது ஒண்ணு, ரெண்டுல இருக்கிற புள்ளைங்களுக்கு. அதிராவுக்குத்தான் நாலு இருக்கே."

இதைச் சொல்லும்போது டீச்சரால் லோகேஸ்வரியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லையாம். எப்படிப் பார்ப்பது? எந்த எண் பிள்ளைக்குக் கதவைத் திறந்திருக்குமோ அதை அழித்து, எந்த எண் கதவைச் சாத்துமோ அதை எழுதிவிட்டு, அதைப் பெற்றோர் கையிலும் கொடுத்து மகிழச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் வாசுவையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் மோகனராஜைப் பார்க்கப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. காலையில் வாசலில் நின்று பிள்ளைகளைப் பேர் சொல்லி வரவேற்பவர்தான்.

"எல்லாரும் கூட்டிப் போடுங்கன்னு வருவாங்க. நீங்க கொறைக்கச் சொல்றீங்களேம்மா" என்று சிரித்தார்.

"உள்ளதப் போடச் சொல்றேன் சார்."

மோகனராஜ் சிரிப்பை நிறுத்தினார். "இங்க வருஷா வருஷம் புள்ளைங்க கொறயுது. பேரு கெட்டா எல்லாம் சீனப் பள்ளிக்கும் மலாய்ப் பள்ளிக்கும் போயிடும். அப்புறம் தமிழ்ப்பள்ளியே இருக்காது. அதக் கொஞ்சம் யோசிங்க."

"மூணு வருஷம் தமிழ்ப்பள்ளியில உக்காந்தவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியல சார். அத யாரு யோசிக்கிறது?"

கடைசியில் அவர் இறங்கி வந்தார். அதிராவைச் சத்தமில்லாமல் குறைநீக்கல் வகுப்பில் உட்கார வைக்கிறேன், ஆனால் நாலு நாலாகவே இருக்கட்டும் என்றார். வாசு மனைவியின் கையை அழுத்தினார். ஒப்புக்கொள் என்று அர்த்தம். லோகேஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள்.

"என் மகளுக்கு வழி பண்ணிட்டீங்க. மத்த புள்ளைங்க? அவங்களுக்கும் நாலுதானே போட்டிருக்கீங்க?" அப்புறம் தனக்கு நடந்ததைச் சொன்னாள். வாசுவுக்கே அது அன்றுதான் தெரியும். "அன்னிக்கு என்னைப் பரீட்சைக்கு வராதன்னாங்க. இன்னிக்கு வந்து உக்காந்தவளுக்குப் பொய்யா நாலு. ரெண்டும் பள்ளிக்கூடத்துப் பேருக்காக. எங்க பேரு எங்க சார் இருக்கு?"

மோகனராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

அன்று மாலைக்குள் பெற்றோரின் வாட்சப் குழுவில் விஷயம் பரவிவிட்டது. 'மகள் படிக்காததற்குப் பள்ளியைக் குறை சொல்கிறாள்' என்று ஒருவர். 'தமிழ்ப்பள்ளியை மூடப் பார்க்கிறாள்' என்று இன்னொருவர். எங்கள் கடையில் வருடா வருடம் தீபாவளிச் சேலை எடுக்கும் ஓர் அம்மாள், தெருவில் இவளைக் கண்டும் காணாததுபோல் போனார்.

வாசுவும் வீட்டில் கத்தியிருக்கிறார். "ஒனக்கு என்னாலா வந்துச்சு? நம்ம புள்ளைக்கு கிளாஸ் குடுக்கிறேன்னாருல்ல. போதும்லா. ஊர் புள்ளைக்கெல்லாம் நீதான் பொறுப்பா?"

"என் அப்பாவும் இப்பிடித்தான் தலையாட்டுனாரு" என்று மட்டும் சொன்னாளாம். வாசு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். மலாயில் பேசத் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அதிகாரி ஹைக்கல் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். நிலையை உயர்த்தக் கேட்டு முறையீடு வரும், குறைக்கக் கேட்டு இதுவரை வந்ததில்லை என்றார். வகுப்பறை மதிப்பீடு ஆசிரியரின் தீர்ப்பு, அதில் அலுவலகம் தலையிடாது என்றார்.

"ஆசிரியர் தீர்ப்பை மாற்றச் சொல்லித்தானே நெருக்குகிறார்கள்? சிவப்பு வந்தால் விளக்கம் கேட்பது நீங்கள்தானே?" என்று நான் கேட்டேன்.

அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பள்ளியின் பெயர் பச்சையில் இருந்தது. "நன்றாகத்தானே போகிறது, கக்காக்" என்று அக்கா முறை வைத்துப் பேசினார். அவர் நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். தவளையைக் குடை என்று படிக்கும் பிள்ளை அந்தப் பச்சைக்குள்தான் இருக்கிறாள். அங்கே உட்கார்ந்து பார்த்தால் அவள் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. நானும் போய்ப் பின்னால் நின்றேன். சங்கத் தலைவர் எழுந்து, நம் பள்ளியில் மூன்றாம் நிலைக்குக் கீழே ஒரு பிள்ளைகூட இல்லை என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்முன் லோகேஸ்வரி எழுந்து நின்றாள். ஒலிவாங்கி யாரும் கொடுக்கவில்லை.

"வீட்டுக்குப் போயி புள்ளைகிட்ட புத்தகத்தக் குடுங்க. பழகுன பக்கம் வேணாம். ஏதாச்சும் புதுப் பக்கம். படிக்கச் சொல்லிப் பாருங்க. அப்புறம் கைதட்டுங்க" என்றாள்.

"ஒன் புள்ள மக்குன்னா ஊருல இருக்கிற புள்ளையெல்லாம் மக்கா?" என்று ஒருவர் கத்தினார். சிலர் சிரித்தார்கள். மோகனராஜ் மேடையிலிருந்து, "உக்காருங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்றார். லோகேஸ்வரி உட்காரவில்லை. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஆசிரியர்கள் வரிசையிலிருந்து துஷ்யந்தி எழுந்தார். "அவங்க சொல்றது உண்மை. நான் ரெண்டு போட்டேன். அப்புறம் நாலுன்னு மாத்துனேன். அதிராவுக்கு மட்டும் இல்ல." அவ்வளவுதான் சொன்னார். மோகனராஜ் மேசையில் இருந்த தாளைப் புரட்டி, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.

இரண்டு நாள் கழித்து, தெருவில் முகம் திருப்பிக்கொண்ட அந்த அம்மாள் கடைக்கு வந்தார். ஒரு பட்டுச் சேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். வாங்கும் எண்ணம் இல்லை என்பது தெரிந்தது. கடைசியில் முந்தானையைப் பிடித்தபடியே, "என் மவனும் படிக்கலம்மா" என்றார். லோகேஸ்வரி சேலையை மடித்துவைத்துவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். அடுத்தடுத்து வேறு சிலரும் வந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார்கள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. குறைநீக்கல் வகுப்பில் இடம் போதாமல் நூலகத்தில் பாதியைத் தடுத்துக் கொடுத்தார்.

ஆண்டு நடுவில் வந்த அறிக்கையில் அதிராவுக்குத் தமிழில் இரண்டு, மலாயில் ஒன்று. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டிருந்தார். பிள்ளை அதைப் பார்த்து, "ஏம்மா கொறஞ்சுபோச்சு? நான் முன்னவிட மோசமாயிட்டேனா?" என்று கேட்டிருக்கிறாள். லோகேஸ்வரி அவளை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு, "இல்லம்மா. இப்பத்தான் ஒன்னப் பாத்திருக்காங்க" என்றாளாம். இப்போது அதிரா சின்னச் சின்ன வாக்கியங்களை மெதுவாக, விரல் வைத்துப் படிக்கிறாள். தப்பு வந்தால் நிறுத்தித் திரும்பப் படிக்கிறாள். வாசு வேலை முடிந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஆறியிருப்பேன். போன மாதம் துஷ்யந்தி டீச்சருக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வகுப்பின் நிலை ஏன் திடீரென்று சரிந்தது என்று எழுதித் தர வேண்டுமாம். பொய் எழுதிய வருடம் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உண்மை எழுதிய வருடம் விளக்கம் கேட்கிறார்கள். அது போதாதென்று பெருநிலத்துக்கு மாற்றல் வேறு. பச்சை போய்ச் சிவப்பாகிவிட்ட பள்ளிக்கு நல்ல ஆசிரியர் இன்னும் அதிகம் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பழையபடி தேர்வே வைக்க வேண்டும் என்று இப்போது ஊரில் பேச்சு அடிபடுகிறது. உன்னால்தானே இந்தப் பேச்சு, உனக்குச் சந்தோஷமா என்று கடையில் ஒருத்தர் கேட்டபோது, லோகேஸ்வரி வாங்கிவந்த கையெழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மாற்றலை எதிர்த்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதில் மும்முரமாக இருந்தாள். வரும் செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறாள். வாசு பட்டறையில் லீவு சொல்லிவிட்டார். நானும் முதலாளியிடம் கேட்டுவிட்டேன். கொடுக்காவிட்டாலும் போவேன்.