முப்பத்தெட்டாவது போல்ட்

சென்ற வருடம் தீபாவளி முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது. மலேசியாவில், ஜொகூரின் உலு திராம் பக்கம் ஒரு திடலில், ரிமோட்டில் ஓட்டும் பெரிய மாடல் வண்டிகள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கூடியிருந்தோம். அன்று காலை நான் செய்த ராணுவ டாங்கி தீப்பிடித்தது. ஆனால் நான் சொல்ல வந்தது தீயைப் பற்றி இல்லை. மறுநாள் என் வீட்டு வாசலில் நடந்ததைப் பற்றி.

முதலில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செனாயில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் எனக்கு இருபது வருடமாக வேலை. ஒரு பாகம் முடி அளவு பிசகினாலும் ரிஜெக்ட் பெட்டியில் தூக்கிப் போடுகிற ஆள் நான். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கார் நிறுத்தும் போர்ச்சில் ஒரு சின்ன லேத் மெஷின் வைத்திருக்கிறேன். காருக்கு இப்போது அங்கே இடமில்லை, அது ரோட்டோரம் நிற்கிறது.

மூன்று வருடமாக ஒரு டாங்கி செய்துகொண்டிருந்தேன். நீளம் ஒரு மீட்டருக்கு மேல். தூக்க மூன்று பேர் வேண்டும். இரும்பு உடம்பும் சக்கரமும் வாங்கியவை. அதன்மேல் இருக்கிற கீல், கொக்கி, விளக்கைக் காக்கும் கம்பிக் கூண்டு, மண்வெட்டியைப் பிடித்திருக்கும் கிளிப், எல்லாமே பித்தளைத் தகட்டை வெட்டி மடக்கி ஈயம் வைத்து நானே செய்தவை. இதெல்லாம் கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும், ஒரு சாயங்காலத்தில் ஒட்டி முடித்துவிடலாம். எனக்கு அது ஆகாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பெருமை அந்தப் பின் மூடிதான். நிஜ டாங்கியில் எஞ்சினுக்கு மேல் இருக்கும் மூடி அது. அதை முப்பத்தெட்டு போல்ட் பிடித்திருக்கும். மற்றவர்கள் போல்ட் தலையை மட்டும் செய்து ஒட்டிவிட்டு, மூடியைக் காந்தத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் முப்பத்தெட்டையும் மரையோடு கடைந்தேன். அரிசியைவிடச் சின்னதாக ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டைத் தலை. கழற்றுவதற்கு ஒரு குட்டி ஸ்பேனரும் நானே செய்துகொண்டேன்.

"ஏங்க, பேட்டரி மாத்தணும்னா ஒவ்வொரு வாட்டியும் முப்பத்தெட்டையும் கழட்டுவீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நிஜ டாங்கியில கழட்டுறாங்கல்ல?"

"அவங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திடலுக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம், மூடியை மாட்டும்போது ஒரு போல்ட் கைதவறி உருண்டு வாசல் லொங்காங்கில் விழுந்தது. சாக்கடைத் தண்ணீரில் அதைத் தேடுவது நடக்கிற காரியமா? வேறொரு இடத்துக்காகக் கடைந்து மீந்துபோன போல்ட் ஒன்று டப்பாவில் கிடந்தது. அதே தலை, அதே மரை, தண்டு மட்டும் ஐந்து மில்லி அதிக நீளம். வெட்டிச் சின்னதாக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் ரம்பத்தையெல்லாம் அப்போதுதான் மூட்டை கட்டி வாடகை வேனில் ஏற்றியிருந்தேன். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதையே மாட்டி முறுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. மாட்டிய கையோடு அதை மறந்தும் போனேன்.

மறுநாள் திடலில் என் டாங்கிக்குத்தான் கூட்டம். அந்த போல்ட்களைப் படமெடுக்கப் போனை நீட்டாத ஆளே இல்லை. மூன்றாவது தடவை ஒரு மண்மேட்டில் ஏற்றினேன். வண்டி அண்ணாந்து ஏறி உச்சியில் நின்றபோது, பின் மூடியில் காற்றுப் போக வைத்திருந்த கம்பிகள் வழியாக வெள்ளைப் புகை வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எஞ்சின் புகை மாதிரி காட்டுவதற்கு நான் ஏதோ கருவி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் அப்படி எதுவும் வைக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அலமாக், தள்ளிப் போங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். மூடியைத் திறக்க வேண்டும், முப்பத்தெட்டு போல்ட், ஸ்பேனரோ வேனில். குனிந்து வெறும் விரலால் திருகப் பார்த்தேன். யாரோ சட்டையைப் பிடித்து என்னைப் பின்னால் இழுத்தார்கள். இழுத்த மறுவிநாடி கம்பிகள் வழியாகத் தீ சீறியது. நாலைந்து பேர் வாளியில் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டாங்கி மட்டும் மண்மேடாகக் கிடந்தது.

கோபம் தலைக்கேறியது. பேட்டரி வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாங்கிய கடை ஜொகூர் பாருவில் ஒரு மாடிக் கடை. நடத்துபவர் தமிழ் முஸ்லிம், என் வயதுதான் இருக்கும், எல்லாரும் 'பாய்' என்போம். அங்கேயே நின்றபடி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "பாய் கடை பேட்டரி மட்டமானது. யாரும் வாங்காதீங்க. இன்னிக்கு யாராவது செத்திருப்பாங்க." ஜொகூரில் இந்தப் பொழுதுபோக்கு உள்ள அத்தனை பேரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், பாயும் இருக்கிறார். சாயங்காலத்துக்குள் என் பேட்டரியும் உப்பியது, என்னுடையதும் சூடானது என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் கொடுத்த ஆர்டர் வேண்டாம் என்று குழுவிலேயே எழுதினார். பாய் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. குற்றமுள்ளவன் என்ன எழுதுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தால், வாசலில் பாயின் கார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நானும் தயாராகத்தான் இறங்கினேன். அவர் கையில் ஒரு புதுப் பேட்டரி.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? கையைக் காட்டுங்க" என்றார் முதலில். அப்புறம் சொன்னார்: "இது வேற கம்பெனி பேட்டரி, வெச்சுக்குங்க. உங்களுக்குக் குடுத்த செட்டுல கடையில ஒம்பது இருந்துச்சு. எல்லாத்தையும் நேத்தே உப்புத் தண்ணியில போட்டுட்டேன். இனிமே அதை யாருக்கும் விக்க முடியாது."

உப்புத் தண்ணீரில் போட்டால் பேட்டரி செத்துப்போகும். அவ்வளவையும் அழித்துவிட்டு வந்திருக்கிறார்.

"சோதிச்சுப் பார்க்காமலேயா?" என்றேன்.

"நீங்க சொல்லிட்டீங்களே. அந்த மாதிரி போல்ட் கடையிற ஆளு வாய்க்கு வந்ததைப் பேசமாட்டாருன்னு நெனச்சேன். டாங்கியைத் தெறந்து பார்ப்போமா? எதனால தீப்பிடிச்சுச்சுன்னு தெரிஞ்சா சப்ளையர்கிட்ட பேசலாம்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, பேட்டரியின் குறையை அவர் கண்ணெதிரே காட்டிவிட வேண்டும் என்று. மனைவி இரண்டு மக்கில் மைலோ கொண்டுவந்து வைத்தாள். போர்ச்சில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நான் போல்ட்களைக் கழற்றிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றையும் துணியில் துடைத்து டப்பா மூடியில் வரிசையாக அடுக்கினார். அதிலும் தலை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினார். "சுபஹானல்லாஹ், என்னா வேலை" என்று இரண்டு தடவை சொன்னார்.

நடுச் சட்டத்தில் இருந்த போல்ட்டைத் திருகினேன். திருகத் திருக வந்துகொண்டே இருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மற்ற போல்ட்கள் புகையில் கறுத்திருந்தன, அவ்வளவுதான். இதன் முனையில் பேட்டரியின் உறை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போது பேட்டரி சரிந்து இதன்மேல் வந்து அழுந்தியிருக்கிறது, இது குத்திக் கிழித்திருக்கிறது. யாரும் விளக்கத் தேவையில்லை, பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

பாய் குனிந்து முந்தைய போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையை மூடிக்கொண்டேன்.

மறைக்காமல் சொல்கிறேன், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளத்தான் தோன்றியது. உள்ளே எல்லாம் கரியாகிக் கிடக்கிறது, யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரிதான் காரணம் என்று ஊரே நம்பிவிட்டது. பாயும் நம்பிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த போல்ட் பைக்குள் போயிருக்கும். அவர் அடுத்ததற்காகத் துணியை விரித்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அதன்மேல் வைத்தேன்.

அவர் அதைப் பக்கத்து போல்ட்டோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தார். முனையை நகத்தால் சுரண்டினார். "என் தப்பு பாய். நான்தான் மாட்டுனேன். நீளம்னு தெரிஞ்சேதான் மாட்டுனேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஒம்பது பேட்டரிண்ணே" என்றார் மெதுவாக. அப்புறம் மைலோவைக் குடித்து முடித்தார். "சரி, மீதியையும் கழட்டுங்க. பாதியில விட்டா நல்லா இருக்காது."

மீதியைக் கழற்றுவதற்கு முன்னால் நான் போனை எடுத்தேன். இரண்டு போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பாய் முன்னாலேயே குழுவுக்குப் பேசினேன். முதல் மெசேஜ் போட்டபோது ஒரு மூச்சில் பேசிவிட்டேன். இதற்கு நாலு தடவை அழித்து அழித்துப் பேச வேண்டியிருந்தது. அந்த ஒன்பது பேட்டரிக்கும் நானே பொறுப்பு என்றும் சொன்னேன். சிலர் கட்டை விரல் காட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். ஆர்டரை ரத்து செய்தவர் இன்றுவரை திரும்பி வரவில்லை என்று பாய் சொல்லித் தெரியும். ஒருமுறை நான் நேரில் போய்ப் பேசியும் அவர் மனம் மாறவில்லை.

டாங்கியை மறுபடி கட்டிவிட்டேன். இப்போது முன்னைவிட அழகு, அதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்குத் தனியாக இரும்புப் பெட்டி, இரண்டு விநாடியில் திறக்கிற மாதிரி அடியில் ஒரு கதவு. மேலே அதே முப்பத்தெட்டு போல்ட். ஒவ்வொன்றையும் மாட்டுவதற்கு முன் நீளத்தை அளந்தேன், தலையை அல்ல.

இந்த வருடமும் அதே திடலில் எல்லாரும் கூடினோம். புதிதாக வந்த ஒருவர் ஏதோ சந்தேகம் கேட்டபோது, பாய் என்னைக் காட்டி, "அண்ணனைக் கேளுங்க, அவர் சொன்னா சரியா இருக்கும்" என்றார். அன்று என் வாசலில் நம்பிக்கொண்டு வந்து நின்றாரே, அதே குரல். நான் செய்த எந்த போல்ட்டையும் தைரியமாக யார் கையிலும் கொடுப்பேன், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் பொருந்துகிறேனா என்று மட்டும் இன்னும் அளந்துகொண்டே இருக்கிறேன்.