பெயர் தெரியாத பெண்ணின் மேல் கட்டிய பிராது

சென்ற மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மகள் அபிநயா கொல்கத்தாவில் ஒரு கால்பந்து மைதானத்தில் நினைவிழந்து விழுந்தாள். நான் பெரம்பலூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டே கைப்பேசியில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் முனியப்பரைக் கும்பிடும் குடும்பங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூட ஆசிரியை. என் கணவர் டவுனில் விதை, உரக்கடை வைத்திருக்கிறார். அபி எங்களுக்கு ஒரே பிள்ளை. பெண்களுக்கான தேசிய லீக்கில் தமிழ்நாட்டு அணி ஒன்றுக்குத் தடுப்பாட்டக்காரியாக விளையாடுகிறாள். லீக் தொடங்கிவிட்டால் ஒரு ஆட்டம் இங்கே, ஒரு ஆட்டம் வடக்கே என்று மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைவார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எனக்குப் பயம்தான். அன்றும் பயந்தேன். ஆனால் அது எப்போதும் இருப்பதுதானே என்று இருந்துவிட்டேன்.

எதிரணிக்கு கார்னர். பந்து உயரமாக வந்தது. அபி தலையால் முட்டி வெளியே தள்ள எம்பினாள். எதிரணிப் பெண் ஒருத்தி அதே பந்துக்கு எம்பினாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்தாள். அபி எழவில்லை. பிறகு கேமரா மைதானத்தை விட்டுவிட்டு மரங்களையும் வானத்தையும் காட்டியது. திரும்பி வந்தபோது அபியின் இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

நான் அழவில்லை. கையில் இருந்த விடைத்தாளைத் திருத்தி முடித்தேன். மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டேன். எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அணி மேலாளர் போன் செய்தார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, நினைவு திரும்பவில்லை, ஆபரேஷன் வேண்டுமா என்று பார்த்துச் சொல்வார்கள் என்றார். அணி அன்றே ரயிலேறி அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டும். அணியின் இயன்முறை மருத்துவர் (பிசியோ) மட்டும் தங்குவார். ஆனால் அவர் ஆண், பெண்கள் வார்டுக்குள் ஆண்களைத் துணைக்கு விட மாட்டார்கள்.

"அப்ப உள்ள யாருங்க இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"நர்ஸ் இருப்பாங்கம்மா" என்றார்.

செய்தி அதற்குள் பரவிவிட்டது. குரும்பலூரிலிருந்து என் நாத்தனார் போன் செய்தார். "அப்பவே சொன்னேன்ல அண்ணி. காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்கன்னு. பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் பந்தும் காலும்? கேட்டீங்களா?"

"சரிங்க" என்றேன். போனை வைத்தேன்.

சாமி படத்தின் முன் போய் நின்றேன். உங்களில் பலருக்குத் தெரியும், நான் வாய் ஓயாமல் வேண்டுகிறவள். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. உயிரைக் கொடு என்று கேட்கக்கூட பயமாக இருந்தது. கேட்டால், உயிர் போகும் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் அல்லவா. கடைசியில் ஒன்றுதான் சொன்னேன். "அவ பக்கத்துல யாராவது இருக்கணும் முனியப்பா." அவ்வளவுதான். விளக்கை ஏற்றினேனா என்பதுகூட ஞாபகம் இல்லை.

என் கணவர் அப்படி இல்லை. அந்த மோதலை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்.

"வேணும்னே அடிச்சிருக்கா பாரு. பந்தைப் பாத்தா குதிச்சா? எம்புள்ள தலையப் பாத்துக் குதிச்சிருக்கா."

"முகமே தெரியலைங்களே" என்றேன்.

"சட்டை நம்பர் தெரியுதுல்ல."

மறுநாள் மதியம் அரியலூரில் ரயில் பிடித்து சென்னை போய், அங்கிருந்து விமானம் என்று ஏற்பாடு. காலையில் என் கணவர் காரை நேராக ஜெயங்கொண்டம் பக்கம் விட்டார். நம் முந்திரிக்காட்டுக் கோயிலுக்கு. பிராது கட்ட.

புதிதாக நம் குடும்பங்களுக்கு மருமகளாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நமக்குக் கேடு செய்தவர் மேல் புகார் எழுதிக் கொடுத்தால், பூசாரி அதைச் சாமி முன் வாசித்து, சூலத்தில் கட்டுவார். அதன் பிறகு முனியப்பரே அவரைக் கேட்பார், தண்டிப்பார். குறை தீர்ந்தால் கட்டியவரே வந்து அவிழ்க்க வேண்டும்.

பூசாரி தம்பி தாளை வாங்கிப் பார்த்தார். "என்னங்க மாமா, பேரு ஊரு ஒண்ணும் இல்ல. நாலாம் நம்பர் சட்டைக்காரின்னு எழுதிருக்கீங்க. முனியப்பரு எந்த மைதானத்துல போயி தேடுவாரு?"

"அவருக்குத் தெரியாதா மாப்ள? நீ கட்டு."

"வடக்கத்திப் புள்ளையா?"

"எந்தத் திக்கா இருந்தா என்ன? அவருக்குப் பாஸ்போர்ட்டா வேணும்?"

பூசாரி வாசித்தார். எங்கள் மகளை முட்டித் தள்ளியவளை நீயே கேள் என்று எழுதியிருந்தது. நான் கைகூப்பி நின்றேன். சரி என்றும் தோன்றவில்லை, தப்பு என்றும் தோன்றவில்லை. கீழே ஒரு முந்திரிப் பழம் விழுந்து நசுங்கிக் கிடந்தது. அதில் எறும்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். அபியைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அபி வயதுதான் இருக்கும். நெற்றியில் தையல் போட்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மடியில் அபியின் பை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "அபி மம்மி?" என்றாள்.

கூட விளையாடும் பெண், நமக்காகத் தங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்கும் அடிபட்டிருக்கா அம்மாடி?" என்று தமிழிலேயே கேட்டார். கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் பசியோடு சாப்பிட்டாள்.

டாக்டர் ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். திங்கட்கிழமை விடியற்காலையில் வார்டில் அபிக்கு வாந்தி வந்திருக்கிறது. நினைவில்லாமல் மல்லாந்து படுத்திருந்தவளுக்கு அது மூச்சை அடைத்துவிட்டது. நர்ஸ் வேறு கட்டிலில் இருந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்தப் பெண் அபியை ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்குள் விரலைவிட்டு வழித்து எடுத்து, வார்டே எழுந்திருக்கும்படி கத்தியிருக்கிறாள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் எங்களை இப்படி உட்கார வைத்துப் பேச முடிந்திருக்காது என்றார் டாக்டர். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், கசிவு கூடவில்லை, கண் விழிக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் நன்றி சொன்னேன். உங்கள் அணி போய்விட்டதே, நீ எப்படிப் போவாய் என்று கேட்டேன். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். இல்லை என்று தலையாட்டினாள். தன் அணி இந்த ஊர்தான் என்றாள். பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, உள்ளே அபி இருந்த பக்கம் கையைக் காட்டினாள். "பந்து. நான், அபி. என் தலை." அழுதாள்.

என் கணவருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் அந்தத் தையலைப் பார்த்தார். அவள் கையில் பாதி தீர்ந்த புளிச்சோற்றைப் பார்த்தார். எழுந்து நடைபாதை முனைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து என்னிடம் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுத்தியா?"

அவள் பெயர் ரூபாலி. அசாமில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஊர். ஆட்டம் முடிந்ததும் தையல் போட அதே மருத்துவமனைக்கு வந்தவள், அபி தனியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பவே இல்லை. பெண் என்பதால் வார்டுக்குள் விட்டிருக்கிறார்கள்.

என் கணவர் பூசாரிக்குப் போன் போட்டார். "மாப்ள, அந்தப் பிராதை உடனே அவுத்துரு."

"போன்ல சொல்லி அவுக்குற வேலையா மாமா அது? கட்டுன கைதான் வந்து அவுக்கணும்."

"நான் கொல்கத்தாவுல இருக்கேன்டா."

"கட்டும்போது முனியப்பருக்குத் திக்கு, பாஸ்போர்ட்டு எதுவும் வேணாம்னீங்க. இப்ப ஒங்களுக்கு மட்டும் தூரமாத் தெரியுதா?"

அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் அவருடைய பயம் இரண்டாகிவிட்டது. உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. ரூபாலி சாலையைக் கடந்து டீ வாங்கப் போனால் பின்னாலேயே போனார். படியில் வேகமாக இறங்கினால் "மெதுவா, மெதுவா" என்றார். சனிக்கிழமை அவளுக்கு ஆட்டம் இருந்தது. போகாதே என்று சொல்லச் சொன்னார். எந்தக் காரணத்தைச் சொல்வேன்? எங்கள் சாமியிடம் உன் மேல் புகார் கொடுத்திருக்கிறோம் என்றா? நான் சொல்லவில்லை.

"எம்புள்ளைக்குச் சாமிகிட்ட கேட்டதைவிட இந்தப் புள்ளைக்குத்தான் அதிகமா கேட்டுட்டு இருக்கேன்" என்றார் ஒரு நாள். அவர் முகம் அழுவதுபோல இருந்தது. நான் தலையசைத்தேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் நர்ஸ் எங்களைக் கூப்பிட்டார். நர்ஸ் பேசும் மொழி எனக்குப் புரியாததால் ரூபாலியையும் உள்ளே விட்டார்கள். அபியின் இமை அசைந்தது. கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். தெரிந்த முகம் என்பதாகத்தான் பார்த்தாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பார்வை நகர்ந்து ரூபாலியிடம் போய் நின்றது. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கோல் ஆச்சா?"

நான் சொல்வதற்குள் ரூபாலிக்கு அந்த ஒரு வார்த்தை புரிந்துவிட்டது. "நோ கோல், நோ கோல்!" என்று கையை ஆட்டிச் சொன்னாள். அபி கண்ணை மூடிக்கொண்டாள். நிம்மதியாகத் தூங்குகிறவள் மூடுவதுபோல மூடினாள். ரூபாலி என் தோளில் சாய்ந்து குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

பங்குனியில் வீடு திரும்பினோம். என் கணவர் வீட்டுக்குள்கூட வரவில்லை. எங்களை இறக்கிவிட்டு நேரே முந்திரிக்காட்டுக்குப் போனார். என்ன சொல்லி அவிழ்த்தீர்கள் என்று கேட்டேன். "ஆளு தெரியாமக் குடுத்துட்டேன், மன்னிச்சிருன்னேன்" என்றார். பொங்கல் வைத்துவிட்டு வந்தாராம். ரூபாலிக்கு எதுவும் ஆகவில்லை. கொல்கத்தாவில் அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு கடைசி பதினைந்து நிமிடம் ஆடினாள்.

அபி அந்த சீசனில் மறுபடி ஆடவில்லை. சோபாவில் உட்கார்ந்து தன் அணி ஆடுவதைப் பார்த்தாள். வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது என்பாள், திரையை இழுத்துவிடுவோம். அந்த ஆட்டமோ, கண் விழித்ததும் கோல் ஆச்சா என்று கேட்டதோ அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அடுத்த சீசனுக்குப் போகலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். போவேன் என்று அவள் இப்போதே சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லத் தெம்பு இல்லை என்பதும் உண்மை. பந்து உயரமாக வந்தால் இன்றும் என் கண் தானாக மூடிக்கொள்கிறது.

இதை எழுதக் காரணம், நம் முனியப்பர் என் ஒற்றை வார்த்தைக்குக் காது கொடுத்தார் என்று சொல்லத்தான். ஆனால் அதோடு முடித்துவிட்டால் அது முழுச் சாட்சி ஆகாது. சென்ற வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

ரூபாலி அபியோடு அடிக்கடி வீடியோவில் பேசுவாள். சென்ற ஞாயிறு அவள் ஊருக்குப் போயிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா வந்து உட்கார்ந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மெலிந்த முகம். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் நிறைய பேசினார். ரூபாலி சொல்ல, அபி எனக்குத் தமிழில் சொன்னாள்.

அன்றைக்கு மைதானத்திலிருந்து ரூபாலி போன் செய்து, அம்மா நான் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்று கதறியிருக்கிறாள். அந்த அம்மா அன்று முதல் அபி கண் விழித்த செய்தி வரும்வரை ஒருவாய்ச் சோறு உண்ணவில்லை. தங்கள் தோட்டத்து அம்மன் முன் போய் உட்கார்ந்து, பேர் தெரியாத அந்தப் பெண் எழுந்துகொள்ள வேண்டும், அவளைப் பெற்றவள் என் மகளைச் சபிக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அபி அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. மாசியில் வர வேண்டிய அழுகை. நிறுத்த முடியவில்லை. போனில் அந்த அம்மாவும் அழுதார். பிள்ளைகள் இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

என் மகளை எழுப்பியது என் வேண்டுதலா, அந்த அம்மாவின் பட்டினியா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்து, வாய் மரத்துப்போய், சாமியிடம் ஒன்றும் கேட்க முடியாமல் நின்றால், அதற்காகக் கலங்காதீர்கள். வருகிற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் சும்மா நில்லுங்கள். நீங்கள் பார்த்தே இராத ஏதோ ஒரு ஊரில், உங்கள் பிள்ளைக்காக யாரோ ஒருத்தி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கலாம்.