சூரியனுக்கு ஐம்பத்தைந்து

குவைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஃபுஹைதுக்கு ஒரே ஆசைதான். மகள் கல்யாணத்தில் வாளைத் தூக்கி அர்தா ஆட வேண்டும். கால்கள்தான் ஒத்துழைக்கவில்லை. கிளினிக்கில் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். வைட்டமின் டி ஐம்பத்தைந்து என்று வந்தது, கூடவே வாரம் ஒன்று போட மாத்திரையும்.

அன்று மாலையே திவானியாவில் செய்தியை அவிழ்த்துவிட்டார். சாயங்காலம் ஆண்கள் கூடும் அந்த அறையில் சர்க்கரை, கொழுப்பு எதுவும் ரகசியமில்லை. காபிக் கிண்ணத்தோடு ரிப்போர்ட்டும் சுற்றிவரும். பக்கத்து மெத்தையில் சாய்ந்திருந்த பால்ய நண்பர் ஜர்ராஹ் வாயைப் பிளந்தார். தனியார் லேபில் அவருக்கு வந்தது வெறும் இருபத்திரண்டு.

"ஐம்பத்தஞ்சா! டேய், சூரியனையே முழுங்கிட்டியா?"

"கிரேன் மேலயே வாழ்ந்தவன்டா நான். உன்னை மாதிரி ஏசியில ஊறின ஆளா? இந்தா, என் மாத்திரையை நீ போடு. பாவம், என்னோடதுல பாதிகூட இல்ல உனக்கு."

வள்ளல்! டப்பாவையே தூக்கிக் கொடுத்தார். திவானியா அவருக்குச் 'சூரியன்' என்று பட்டம் கட்டியது. அந்தச் சூரியன் அடுத்த மாதமே படியேற முடியாமல் கிளினிக்குக்கு நொண்டிக்கொண்டு போனது.

டாக்டர் ஹெஸ்ஸா கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "மாமா, உங்க அமெரிக்க வண்டி வேகத்தை எதுல காட்டும்?"

"மைல்ல. கிலோமீட்டர்னு நினைச்சு மிதிச்சு அபராதமும் கட்டியாச்சு."

"அதே கூத்துதான் இதுவும். நாங்க லிட்டருக்கு இத்தனை நானோமோல்னு எழுதுறோம். அந்த லேப் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம்னு எழுதுது. நம்ம நம்பரை ரெண்டரையால வகுங்க."

ஃபுஹைது விரல்களை மடக்கினார். மறுபடியும் மடக்கினார். பிறகு நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

"இருபத்திரண்டு! அட, அவனும் நானும் ஒண்ணுதானா!"

"நம்பரை மட்டும் பார்த்தா போதாது மாமா, பக்கத்துல யூனிட்டையும் பாருங்க. அவர் அவரோட டாக்டரைக் கேட்கட்டும். உங்க மாத்திரை உங்களுக்கு மட்டும்தான்."

பட்டம் பறிபோனது. மாத்திரை திரும்பி வந்தது. காலை வெயிலில் அங்கியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இரண்டு கிழவர்களும் மதிலோரம் உட்கார்ந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

மாதங்கள் கழித்து, கல்யாணத்தில் மேளம் அதிர்ந்தது. தோளோடு தோள் ஒட்டி, வாள் உயர, இருவரும் வரிசையில் ஆடினார்கள்.

"டேய் இருபத்திரண்டு, சாயாதே!"

"நீ நேரா நில்லுடா! சூரியன் விழுந்துச்சுன்னா, விடிஞ்சாதான் எழும்பும்னு எல்லாரும் கிளம்பிடுவானுங்க!"

கடைசி மேளம்வரை யாரும் விழவில்லை.