வறண்ட பர்மாவில் நான் கால் கழுவின கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு முட்டாள். இதைப் பிறர் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று பார்க்கிறேன். அதிலும் சாதாரண முட்டாள் அல்ல. ராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்து, ஒரு குடம் தண்ணீருக்காக அண்ணன் வீடும் தம்பி வீடும் கல்யாணம் கருமாதிக்குக்கூடப் பேசிக்கொள்ளாமல் இருந்ததைக் கண்ணால் கண்டு வளர்ந்தவன், பர்மா தேசத்திலேயே தண்ணீருக்குத் தவிக்கும் ஓர் ஊரைத் தேடிப் போய், வழிப்போக்கர்கள் குடிப்பதற்கென்று வைத்திருந்த மூன்று பானைத் தண்ணீரில் கால் கழுவி, முகம் கழுவி, வாய் கொப்பளித்து, மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு "ஆஹா!" என்று சொன்ன முட்டாள். மற்றதையெல்லாம் பொறுத்தாலும் அந்த "ஆஹா"வைப் பொறுக்க முடியாது என்று என் மனைவி பேச்சியம்மாள் அன்றே சொல்லிவிட்டாள்.

இதை எழுதும்போது ரங்கூனில் மழை. ஊரில் இருப்பவர்களுக்கு மழை என்றால் வந்துவிட்டுப் போகும் விருந்தாளி. இங்கே அது வீட்டோடு தங்கிவிட்ட மைத்துனன். வைகாசிக் கடைசியில் வந்தால் ஐப்பசிவரை கிளம்புகிற பேச்சே கிடையாது. என் கறுப்புக் கோட்டு ஆனி மாதத்தில் பச்சைக் கோட்டாகிவிடும். கட்டிலுக்கடியில் விட்ட பூட்ஸை ஒரு வாரம் கழித்து எடுத்தால் அதற்குள் காளான் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பசுந்தாங் ஓடையோரம் ஓர் அரிசி மில்லில் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிற குமாஸ்தா. மில்லுக்குப் பின்தெருவில், மர மாடியில், இரண்டு அறை வீடு. பேச்சி ஊரிலிருந்து வந்து இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டாள். மூன்றாவதைப் பார்க்கப் போவதில்லை என்று பங்குனியிலேயே அறிவித்துவிட்டாள்.

"ஏன், என்ன குறை உனக்கு? ஊரிலே ரெண்டு மைல் நடந்து தண்ணி சுமந்தே. இங்கே குழாயைத் திருகினா கொட்டுது" என்றேன்.

"அதான் குறை. திருகினாக் கொட்டுது, மூடினா நிக்குது. இதுலே யாரோட என்ன பேச?"

எனக்கு இது விளங்கவில்லை. விளங்காததை விவாதிப்பது என் வழக்கம் என்பதால் வெகுநேரம் விவாதித்தேன். முடிவில் அவள், பாத்திரங்களை வைத்து ஆணியடிக்க ஒரு கள்ளிப்பெட்டி கொண்டுவரச் சொன்னாள். ஆனி பிறந்ததும் நாகப்பட்டினம் போகும் கப்பலில் அவள் ஊரார் சிலர் போகிறார்களாம்; அவர்களோடு தானும் போய்விடுவாளாம். நீ அங்கே, நான் இங்கே என்று குடும்பம் நடத்துகிறவர்கள் ரங்கூனில் ஆயிரம் பேர். அவர்களுடைய சமையலைச் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை. பெட்டி வந்து கூடத்து நடுவில் உட்கார்ந்தது. நான் அதில் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால் எனக்கு ஆபத்து என்பது தெரிந்தும் தடுக்கவில்லை. பேச்சி பார்த்த பர்மா எல்லாம் இந்தச் சேற்றுத் தெருதானே? இந்த நாட்டின் மிக அழகான இடத்தைக் காட்டிவிட்டால் மனம் மாறிவிடாதா? மில்லில் என்னோடு மூட்டைக் கணக்குப் பார்க்கும் கோ பா தெயினிடம் யோசனை கேட்டேன். கோ என்பது நம் ஊர் அண்ணாச்சி மாதிரி.

"கோ முத்து, சந்தேகமே வேண்டாம். என் ஊர்தான்" என்றார். "பகானுக்குப் பக்கம். காற்று சுத்தம். துணியில் பூஞ்சை பிடிக்காது. கண் வலிக்கும்வரை கோபுரங்கள். என் அக்கா வீடு இருக்கிறது, நான் சொல்லி அனுப்புகிறேன்."

"பச்சைப்பசேல் என்று இருக்குமா?"

"மழை பெய்தால் இருக்கும்."

அங்கே எப்போது மழை பெய்யும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரங்கூன்காரனுக்கு அது கேட்கத் தோன்றாத கேள்வி. நெல்வரத்து ஓய்ந்து மில் மூச்சுவிடும் சமயம் பார்த்து லீவு வாங்கி, வைகாசி வெயிலில் கிளம்பிவிட்டோம்.

பிரோம் வரை ரயில், அங்கிருந்து ஐராவதியில் ஸ்டீமர். முதல் நாள் கரையெல்லாம் பச்சை. "பார்த்தாயா!" என்றேன், நான்தான் நட்டுவைத்தவன் மாதிரி. இரண்டாம் நாள் பேச்சி மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, மரமெல்லாம் குட்டையாகிக்கிட்டே வருதே?" என்றாள். தூரத்தினால் அப்படித் தெரிகிறது என்றேன். மக்வே தாண்டியதும் கரை செம்மண்ணாயிற்று; முள்ளும் கள்ளியும் வந்தன. ஏனாஞ்சாவில் எண்ணெய்க் கிணறுகளின் மரக்கோபுரங்கள் மேட்டில் வரிசையாக நின்றன. "பனையாட்டம் இருக்கு, தலையைக் காணோம்" என்றாள். மறுநாள் தலையோடு கூடிய பனைகளே வந்துவிட்டன. ஒன்றிரண்டல்ல, கண்ணுக்கெட்டின தூரம் பனை. அடியில் வெள்ளாடு. ஆட்டுக்குப் பின்னால் புழுதி.

பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கா இத்தனை தூரம் கூட்டி வந்தீக? இதை எங்கப்பன் கொல்லையிலே தினம் பார்த்துச் சலிச்சுப்போய்த்தானே உங்களுக்குக் கழுத்தை நீட்டினேன்!"

கூடத்துப் பெட்டியின் மூடிக்கு யாரோ ஆணியடிக்கும் சத்தம் என் காதில் கேட்டது.

ஞாவுங்-ஊ துறையில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம். பாதை முழுவதும் கணுக்காலளவு மணல். வண்டி போட்ட ஆட்டத்தில் பேச்சி இறங்கி நடந்து வருவதாகச் சொல்லிவிட்டாள். நான் வண்டியிலேயே உட்கார்ந்து, ஊர் போய்ச் சேரும்போது வறுத்த கடலை மாதிரி இருந்தேன். வண்டிக்காரர் வீட்டைக் காட்டிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார். வேலிக்கு வெளியே, புளியமரத்தடியில், காலூன்றிய மரத்தட்டு. அதற்கொரு குட்டிக் கூரை. கூரையின் கீழ் மூன்று மண்பானை, வியர்த்துக் குளிர்ந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊரில் விருந்தாளி வந்தால் வாசலில் கால் கழுவச் செம்பில் தண்ணீர் வைப்போம். இவர்கள் பானை பானையாக அல்லவா வைத்திருக்கிறார்கள்! என்ன மரியாதை! அதன் பிறகு நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

"ஆஹா" சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோது எதிரில் வேறொரு வண்டிக்காரர். மாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவர். முதல் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்காமல் என் தலையைப் பார்த்தார். அதற்குள் வீட்டிலிருந்து கோ பா தெயினின் அக்கா டோ ம்யா வந்தாள். டோ என்றால் நம் ஊர் அம்மா மாதிரி. ஐம்பது வயது, வாயில் மூங்கில் பருமனில் சுருட்டு. நான் நனைந்த தலையோடு கும்பிட்டு, என் பஜார் பர்மியத்தில், "அருமையான தண்ணீர்" என்றேன்.

"ஆமாம்" என்றாள் டோ ம்யா. "குடித்துப் பார்த்தீர்களா?"

பேச்சி மணலில் நடந்து வந்து சேர்ந்தது அப்போதுதான். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. பானைகளுக்குப் பக்கத்தில் கிடந்த, மூங்கில் பிடி போட்ட கொட்டாங்குச்சியைப் பார்த்தாள், மூடிகளைப் பார்த்தாள், என் காலடியில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுசா! குடிக்கிற தண்ணியிலா கால் கழுவினீக? மொள்ளுற கொட்டாங்குச்சி கண்ணுக்குத் தெரியலே?"

"வரவேற்புன்னு நினைச்சேன், பேச்சி."

"உங்களை வரவேற்க மூணு பானையா?"

அவள் மேலே பேசாமல் ஒரு பானையை இடுப்பிலும் ஒன்றை அணைத்தும் எடுத்துக்கொண்டு டோ ம்யாவைப் பார்த்து முகவாயால் "எங்கே?" என்று கேட்டாள். டோ ம்யா சுருட்டால் திசை காட்டிவிட்டு முன்னே நடந்தாள். மூன்றாவது பானையோடு நான் பின்னால் ஓடினேன். ஊருக்கு வெளியே ஒரு மைல் தள்ளி, கரை கட்டிய குளம். பேச்சி தூரத்திலேயே நின்று, "ஊருணி!" என்றாள், தெரிந்தவரைத் தெருவில் பார்த்தவள் மாதிரி. யாரும் சொல்லாமலே செருப்பைக் கரைக்கு வெளியே கழற்றினாள். நான் பூட்ஸோடு கரையேறினேன். ஒரே சமயத்தில் டோ ம்யா பர்மியத்திலும் பேச்சி தமிழிலும் என்னைத் திட்டினார்கள். மொழிபெயர்க்க அவசியமே இல்லாமல் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

குளத்தில் நாலைந்து பெண்கள். பேச்சி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் ஒரு பானை, இடுப்பில் ஒரு பானை ஏற்றிக்கொண்டு, கையை வீசிக் கரையிறங்கினதைப் பார்த்து அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் பின்னால் நானும் தலையில் ஏற்றினேன். பானை என் தலையில் மூன்றடி பிரயாணம் செய்தது. பிறகு தன் விருப்பப்படி போய்விட்டது. அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு பொப்பா மலைவரை கேட்டிருக்கும். மறுநாளிலிருந்து என் கையில் டோ ம்யா கொடுத்தது உடையாத மண்ணெண்ணெய் டின்.

அங்கே இருந்த நாட்களில் ஒவ்வொரு விடியலிலும் பேச்சி அந்தப் பெண்களோடு குளத்துக்குப் போனாள். இவள் தமிழில் பேசுவாள், அவர்கள் பர்மியத்தில் பேசுவார்கள், எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். துபாஷியாக உதவ டின்னோடு நெருங்கினால் பேச்சு நின்றுவிடும். விஷயம் என்னைப் பற்றியது என்று அறிந்துகொண்டேன். மூன்றாம் நாள் அவள் இரு கன்னத்திலும் தனாக்கா மரச்சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். டின்னைக் கழுவிக் கவிழ்க்கச் சொன்னாள்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின மாலை, டோ ம்யா எங்களை ஒரு பாழடைந்த பெரிய கோபுரத்துக்கு அழைத்துப் போனாள். செருப்பில்லாமல் ஏற வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த செங்கல் அது. அவர்கள் இருவரும் நடந்தார்கள். நான் ஆடிக்கொண்டே ஏறினேன். மேல்தளத்தில் போய் நின்றதும் காலின் சூடு மறந்துவிட்டது. இங்கே மட்டும் பரிகாசம் பண்ண எனக்கு வரவில்லை. வெயில் சாய்ந்து, ஆயிரம் கோபுரங்களின் செங்கல் ஒவ்வொன்றும் உள்ளே விளக்கேற்றினாற்போல் சிவந்தது. நடுவே முள்ளும் பனையும். அந்தப் பக்கம் ஐராவதி, தண்ணீரை ஒரு கையிலும் மணலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தது. இந்தப் பக்கம் தூரத்தில் நீலமாய்ப் பொப்பா. பதினொரு வருஷமாக ரங்கூன் கூரைகளுக்கிடையில் வானத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தவனுக்கு முழுசும் கிடைத்தது. இயற்கை எழிலைப் பற்றிப் பேச்சிக்குச் சொல்ல ஸ்டீமரில் தயாரித்து வந்த பிரசங்கம் ஒரு வரிகூட நினைவில்லை.

பேச்சி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்கே மழை பெஞ்சா எப்படி இருக்கும்னு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். டோ ம்யா சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். "ரங்கூனில் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேள். ஆறு மாதம் பெய்கிறதாமே, தம்பி சொல்வான். நான் நம்பவில்லை."

பேச்சி சொன்னாள். தெருவில் தோணி விடுவதை, பூட்ஸில் காளான் முளைப்பதை, துணி காயாமல் அடுப்பு மேல் தொங்குவதை, அவள் என்னிடம் இரண்டு வருஷமாகப் புலம்பிய அத்தனையையும் சொன்னாள். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, டோ ம்யா ஏதோ தேவலோகத்துச் செய்தி கேட்பதுபோல் கேட்டாள். "அத்தனை தண்ணீரையும் என்ன செய்கிறீர்கள்?" என்று கடைசியில் கேட்டாள். அதையும் பேச்சிக்குச் சொன்னேன். அவள் ஊருணி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ஸ்டீமரில் கப்பல் பேச்சை இரண்டு முறை எடுத்தேன். அவள் பனைகள் மறையும்வரை கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர்ப் பனையை நினைத்துக்கொண்டாளோ எனக்குத் தெரியாது. நான் எதை நினைத்தேன் என்று தெரியும்: ஒரு குடம் தண்ணீரின் அருமை தெரிந்த பயல் என்னைவிட்டு எப்போது, எந்தத் தெருக் குழாயடியில், சொல்லிக்கொள்ளாமல் போனான் என்று. ரங்கூன் வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. கள்ளிப்பெட்டியும் கூடத்தில் பத்திரமாக இருந்தது. பித்தளைப் பாத்திரங்களை அதில் அடுக்கத் தொடங்கினாள்.

ஆனி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம், முழங்கால்வரை சேறாக மில்லிலிருந்து வந்தேன். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாடிப்படியின் அடியில், தாழ்வாரத்து நிழலில், அந்தக் கள்ளிப்பெட்டி தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் மூடி போட்ட இரண்டு புதுப்பானை. மூங்கில் பிடி போட்ட கொட்டாங்குச்சி. மூட்டை இறக்கிவிட்டு வந்த தெலுங்குநாட்டுக் கோரங்கிக் கூலி ஒருவர் மழையில் சொட்டச் சொட்ட நின்று, அண்ணாந்து கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக எங்களைப் பார்த்துத் தலைகூட அசைத்திராத எதிர்வீட்டுப் பர்மியப் பெண் மா சீன் பானைக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து ஏதோ சொல்ல, இந்தப் பக்கம் சுங்குடிச் சேலையும் கன்னத்தில் தனாக்காவுமாகப் பேச்சி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் எங்கே, கப்பல் என்ன ஆயிற்று என்றெல்லாம் கேட்க வந்தவன், வேறொன்றைத்தான் கேட்டேன்.

"வானமே கொட்டுது. இந்தத் தண்ணி யாருக்கு, பேச்சி?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேறு வழியும் என் காலைப் பார்த்தாள். பானையை இரண்டு விரற்கடை தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு இல்லே."