டபுள் விசில்

காலையில் அந்த மஞ்சள் பஸ்ஸில் ஏறி உட்காரும்போது, அடுத்தவர் சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொள்வார் சுடலைமுத்து. மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையரான ஆள். பர்லியாரில் வண்டியை ஓரங்கட்டினால் டீக்கடைக்காரர் ஏலக்காய் தட்டிப்போட்ட டீயைத் தானே கொண்டுவந்து நீட்டுவார். டிரைவரிடம் காசு கேட்க அவருக்கு வாய் வராது. அந்தப் பவிசில் வாழ்ந்தவருக்குக் கடைசியில் வாய்த்தது, பின்கண்ணாடியில் பல்லைக் காட்டும் முயல் படம் ஒட்டிய வண்டி.

கோத்தகிரியில் இருந்த அந்தப் பள்ளியின் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு வார்த்தை உண்டு. அங்கே படித்தவர்களில் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தது கீழ் கோத்தகிரிப் பிள்ளைகள்தான். கரஸ்பாண்டன்ட் டெனின், அப்பா கட்டிவைத்த கட்டடத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞன். கோயம்புத்தூர் மில் ஒன்று கழித்துப்போட்ட பஸ்ஸை வாங்கி மஞ்சள் அடித்து, அதன் நெற்றியிலும் இன்டர்நேஷனல் என்று எழுதிவிட்டான். கதவு பின்பக்கம் மட்டும்தான். முன்கதவு வைக்கச் செலவாகுமே.

இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று கேட்டால், "குழந்தைங்கன்னா எனக்கு உசுருங்க" என்பார். பச்சைப் பொய். ரிட்டையரான கையோடு மருமகள் சசிகலா அவருக்கு டியூட்டி போட்டுவிட்டாள். பால் பாக்கெட் வாங்கணும், குழாயில் தண்ணீர் வந்தால் டிரம்மை நிரப்பணும், சிலிண்டர்காரனுக்காக வாசலில் நிற்கணும். "மாமா, சும்மாதான இருக்கீங்க" என்று ஆரம்பித்துத்தான் எதையும் சொல்வாள். மனைவி மூக்கம்மாவும் அவள் கட்சி. மகன் கமலேஷ் எந்தக் கட்சி என்று இதுவரை தெரியவில்லை. அந்தச் 'சும்மா'வைக் கேட்காமல் இருக்கத்தான் ஸ்டியரிங்கைத் தேடி வந்தார். அறுபதைத் தாண்டிய, கனத்த கண்ணாடி போட்ட டிரைவருக்கு இந்த மலையில் இன்னொருத்தர் வண்டி தரமாட்டார். இதுவும் போனால் மிச்ச ஆயுசுக்கும் சிலிண்டர்காரன்தான் கதி என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் அடங்கினாரா என்றால் இல்லை. பிள்ளைகள் "டிரைவர் அங்கிள்" என்று கூப்பிட்டால் காது கேட்காதவர்போல இருப்பார். உள்கண்ணாடியில் அவை அழகு காட்டுகின்றன என்று அந்தக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார். பெற்றோர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு கையில் போனும் மறு கையில் பிஸ்கட் பாக்கெட்டுமாக வந்து, பெற்ற பிள்ளையை பார்சல்போல வாங்கிக்கொண்டு போகிற கூட்டம் என்பார். இதில் மட்டும் எனக்கும் அவருக்கும் சண்டையில்லை.

எல்லாரையும்விட அவருக்கு இளக்காரமாகத் தெரிந்தது சின்னம்மைதான். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மா. சிலோனிலிருந்து வந்து எஸ்டேட்டில் குடியேறிய குடும்பம். கொழுந்து பறித்து முட்டி தேய்ந்தபின் இந்த வேலைக்கு வந்தவள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பிள்ளையை இறக்கிவிட்டு, கதவைச் சாத்தி, "போலாங்ண்ணா" என்று குரல் கொடுப்பாள். அது சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அரசு பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் நிற்கணும், டபுள் விசில் அடித்தால் எடுக்கணும். முப்பது வருஷமும் அவர் பின்னால் திரும்பிப் பார்த்ததே கிடையாது. பின்னால் என்ன நடந்தாலும் அது கண்டக்டர் பாடு.

கடைசியில் கடைவீதியில் ஒரு விசில் வாங்கிவந்து அவளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, இனிமே இதை ஊது. வாயால சொன்னா வண்டி நவுராது."

"நான் என்ன கண்டக்டருங்களாண்ணா? ஊதுனா புள்ளைக சிரிக்குமுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அவள் வாங்கவில்லை. மறுநாள் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, நிறுத்தவே கூடாத இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார் மனுஷன். பின்னால் ஊட்டிக்கு வந்த டூரிஸ்ட் கார்கள் ஹாரன் அடித்து மலையையே எழுப்பின. சின்னம்மை மூன்று முறை "போலாங்ண்ணா" என்றாள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் எழுந்துவந்து டேஷ்போர்டில் கிடந்த விசிலை எடுத்துப்போய் இரண்டு ஊது ஊதினாள். வண்டி நகர்ந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு பொம்பளையை விசில் ஊதவைத்ததற்கு மெடல் வாங்கியதுபோல இருந்தது.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அந்த விசில்மேல் ஒரே மோகம். ஒன்றாம் வகுப்பு ஜினோ வீட்டில் அழுது புரண்டு தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டான். சின்னம்மை அதைப் பிடுங்கிப் பையில் போடுவாள், அவன் அம்மா மறுநாள் இன்னொன்று கொடுத்தனுப்புவாள். "புள்ள ஆசைப்படறான், ஊதட்டுமே" என்பது அந்தம்மா கட்சி. "ண்ணா, எது நான் ஊதறது, எது அவன் ஊதறதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சின்னம்மை ஒருநாள் கேட்டாள்.

"விசில் சத்தத்த வெச்சே கண்டக்டர் என்ன சாப்பிட்டான்னு சொல்லுவேன், போம்மா."

நவம்பரில் ஒரு சாயங்காலம். மூடுபனி இறங்கி, வெளிக்கண்ணாடிகள் வெளுத்துக் கிடந்தன. எஸ்டேட் பிரிவு ஸ்டாப்பில் எல்.கே.ஜி. ராஜப்ரியாவை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. மேலே தொழிலாளர்களின் லயத்து வீடுகள் பக்கம் காட்டெருமை நிற்கிறது என்று காலையிலிருந்தே பேச்சு. சின்னம்மை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "இருங்கண்ணா, ஊட்டுல உட்டுட்டு வந்தர்றேன்" என்று சொல்லி இறங்கிப் படியேறினாள். டிரைவர் சீட்டுக்கு அது கேட்டிருக்கும். ஆனால் வாயால் சொல்வதைத்தான் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லையே.

ஜினோ இரண்டு ஊது ஊதினான். சுடலைமுத்து கியரைப் போட்டு எடுத்துவிட்டார். பின்னாலிருந்து பிள்ளைகள் "டிரைவர் அங்கிள்" என்று கத்தியதும் வழக்கம்போல அவர் காதில் ஏறவில்லை. இன்றைக்காவது இந்தப் பொம்பளைக்குச் சுறுசுறுப்பு வந்ததே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார் வேறு.

அடுத்த ஸ்டாப்பில் அவர் நிறுத்தினார். பெரிய பிள்ளைகள் கதவைத் திறந்து சின்னதுகளை இறக்கிவிட்டன. ஜினோ ஊதினான், அவர் எடுத்தார். அதற்கடுத்த ஸ்டாப்பிலும் அதே கதை. லிஜி என்ற ஒரு அம்மா போனில் பேசிக்கொண்டே வந்து பிள்ளையை வாங்கிப் போனாள். கதவில் நிற்பது யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டி நிறைய பிள்ளைகளை, பல் விழுந்த ஒரு பொடியன் கண்டக்டராக இருந்து, மலைச்சரிவில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தான். மலைப்பாதையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்த டிரைவர் அவன் சொன்னபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி ஸ்டாப் ஜினோவுடையது. அவன் இறங்கி, விசிலும் கையுமாக அம்மாவோடு போய்விட்டான். சுடலைமுத்து விசிலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. "தூங்கீட்டயாம்மா?" என்றார், திரும்பாமல்தான். வைப்பரை ஒருமுறை போட்டு நிறுத்தினார். அவளை அவள் பரம்பரையோடு சேர்த்து முணுமுணுத்தார். அப்போது பின்னால் ஒரு போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அதற்குப் பிறகுதான் மனுஷன் கழுத்தைத் திருப்பினார். சீட்டெல்லாம் காலி. பின்சீட்டில் சின்னம்மையின் பை மட்டும் இருந்தது, போன் அதற்குள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

அவசரமாகக் கியரைப் போட்டார். அவளுக்கு என்ன ஆனதோ என்ற அவசரமாக இருந்திருந்தால் நானும் கொஞ்சம் மதித்திருப்பேன். அவர் கண்முன் வந்து நின்றது சிலிண்டர்காரன். வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே போனபோது, அவள் முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, அந்தத் தேய்ந்த முட்டியோடு பனிக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஏறினாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். ராஜப்ரியா வீட்டுப் போனிலிருந்து தானே அடித்த மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு, போனை உள்ளே போட்டாள்.

இது அதோடு போயிருக்கும். ஜினோவின் அம்மா விடவில்லை. பஸ் வந்து நிற்கும்போது மகன் கதவில் நின்று விசில் அடித்ததை அழகாக வீடியோ எடுத்து, 'எங்க வீட்டு கண்டக்டர்' என்று போட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் விட்டாள். முதலில் இதயமும் கைதட்டலும் வந்து குவிந்தன. ராத்திரிக்குள் யாரோ ஒருவருக்கு மட்டும் மூளை விழித்து, ஆயாம்மா எங்கே என்று கேட்டுவிட்டார். உடனே, பிள்ளையை நிமிர்ந்தும் பார்க்காமல் வாங்கிப்போன அத்தனை பேருக்கும் நெஞ்சு பதறியது. எல்லாரையும்விட அதிகம் பதறியவள் லிஜி.

காலையில் இருவரையும் டெனின் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"அங்கிள், ஆயாம்மாவ ரோட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களா? உண்மைன்னா இன்னையோட சாவிய வெச்சிட்டுப் போயிடுங்க. பேரன்ட்ஸ்க்கு நான் பதில் சொல்லணும்."

சுடலைமுத்து வாயைத் திறந்தார். முப்பது வருஷ சர்வீஸ் என்று ஆரம்பித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் போகச் சொன்னனுங்க சார்" என்றாள் சின்னம்மை. "பாப்பா ஊட்டுல ஆளில்ல. இருட்டறதுக்குள்ள மத்த புள்ளைக போகட்டும்னு சொன்னேன்."

டெனினுக்கு அது போதும். பொய் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நடு வருஷத்தில் இந்தச் சம்பளத்துக்கு வேறு டிரைவரைத் தேடுவதைவிட, நம்பிவிடுவது அவனுக்குச் சுலபம். குரூப்பில் எழுத ஒரு வரி கிடைத்த சந்தோஷத்தில் போனை எடுத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் சுடலைமுத்துவுக்கு வீராப்பு திரும்பிவிட்டது. "நீ சொல்லாட்டியும் அவன் என்ன பண்ணீருப்பான்?" என்றார்.

சின்னம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாங்கிவந்த தக்காளி அழுகலா என்று பார்ப்பதுபோல அப்படி ஒரு பார்வை.

"உங்களுக்காகச் சொல்லலீங்க. அடுத்து வர்றவன் குடிகாரனா இருந்தா நான் என்ன பண்றது? நீங்க குடிக்கறதில்ல. திரும்பிப் பாக்கத்தான் தெரியல, அதச் சொல்லிக் குடுத்தர்லாம்." விசிலை அவர் கையில் வைத்தாள். "இனிமே ஒவ்வொரு ஸ்டாப்புலயும் திரும்பி, என் மூஞ்சியப் பாத்து, போலாங்களான்னு கேளுங்க. கேக்கலீன்னா சார் ரூமு அங்கயேதான் இருக்குது."

அன்று சாயங்காலம் முதல் ஸ்டாப்பில் அவர் பாதிக் கழுத்தைத் திருப்பி "போலாமா?" என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. முழுக் கழுத்தையும் திருப்பி, "போலாங்களா?" என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. அவள் ஒரு பையனின் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு, "ம்" என்றாள்.

கடைசி ஸ்டாப்பில் ஜினோவும் இறங்கிப்போனான். வண்டியில் அவர்கள் இருவர்தான். இனி யாரைக் கேட்க வேண்டும் என்று கியரில் கை வைத்தவர், என்னவோ தோன்றி நிறுத்தினார். திரும்பினார்.

"போலாங்களா?"

"இருங்க" என்றாள் சின்னம்மை. பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் டீயை ஊற்றி, ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள். அவருக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. சுடலைமுத்து கழுத்தைத் திருப்பியபடியே உட்கார்ந்திருந்தார்.