ரோச்சின் கைக் கிளச்

திரேஸ்புரத்தில் ரோச் என்று கூப்பிட்டால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பச்சைக் கார் ரோச் என்றால் ஒருவன்தான். இரண்டே பேர் உட்காரும் சீமை ஸ்போர்ட்ஸ் காரை, இடது கால் இல்லாத மனிதன் ஒருவன் கடற்கரைச் சாலையில் பறக்கவிட்டுக்கொண்டு போனால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? கார் எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் வக்கீலோடு வந்து நிற்பார்கள். நான் ஞானையா, நாசரேத்துக்காரன், கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. ரோச்சுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பவன். எழுதி என்னத்தைக் கிழித்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ரோச் தோணியில் சரக்கு ஏற்றி இறக்கியவன். ஒருநாள் சங்கிலி அறுந்து பஞ்சுப் பொதி விழுந்ததில் கால் போயிற்று. அந்தச் சரக்கு ஓர் ஏஜென்சியின் வெள்ளைக்காரத் துரையுடையது. துரைக்கும் யுத்தத்தில் இடது கால் போயிருந்தது. அதனால் அவர் தன் காரை ஃபாக்டரியிலேயே வேறு மாதிரி செய்யச் சொல்லி வாங்கியிருந்தார். கிளச்சுக்குக் கால் மிதி கிடையாது. கியர்க் கம்பியின் தலையில் சைக்கிள் பிரேக் போல ஒரு பிடி இருக்கும். அதை அமுக்கினால் கிளச், அதே கையால் கியர். சீமைக்குத் திரும்பும்போது துரை காரை ரோச்சிடம் கொடுத்துவிட்டுப் போனார். "உன் காலுக்கு என்னால் முடிந்தது இதுதான்" என்றாராம். துரைமாரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் இந்த ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கால் போன பிறகு, என்னைக் கொஞ்சம் அங்கே விட்டுவிடு என்று யாரிடமும் கேட்க ரோச்சுக்கு வாய் வராது. கார் வந்த பிறகு அவன் கேட்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. துறைமுகத்துக்குத் தானே போனான், தோணிக் கணக்குப் பார்த்தான், பெண்டாட்டி மெட்டில்டாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மணப்பாடு வரை போய் வந்தான்.

எழுபத்தைந்தாம் வருசம், வண்டிகளைச் சோதிக்கப் புதிதாக ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், கெட்டவர் இல்லை. காரை நிறுத்திப் பார்த்தார்.

"இந்தப் பிடி கம்பெனியில வச்சதாங்க, இல்ல உள்ளூர்ப் பட்டறை வேலையா?"

"கம்பெனிதான் சார். துரை சொல்லிச் செஞ்சது."

"கம்பெனி வச்சதுன்னா தாராளமா ஓட்டுங்க. பட்டறை வேலைன்னா கழட்டியாகணும். ருசு வேணுமுங்க."

துரை அதற்குள் செத்துப் போயிருந்தார். நான் சீமை ஃபாக்டரிக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்படிச் சில கார்கள் செய்தது உண்மை, அந்தக் காலத்துக் காகிதங்கள் இப்போது இல்லை, ஆனால் அவை ஒவ்வொன்றிலும் இடது முன் ஸ்பிரிங்குக்கு மேலே இரும்புச் சட்டத்தில் கை வடிவில் ஒரு சிறு முத்திரை அடித்திருக்கிறோம், அதன் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பினால் சான்று தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ரோச் அல்வா வாங்கி வந்தான். மெட்டில்டா பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். 'எங்கள் ஏசு நேரிலேயே கேட்பார், உங்களுக்குத்தான் நடுவில் ஆள் வேண்டும்' என்று புராட்டஸ்டண்டான நான் கேலி செய்தேன். அவ்வளவு சந்தோஷம்.

தன் ஆபீஸ் முற்றத்தில் இன்ஸ்பெக்டரே வெள்ளைப் பேண்டோடு காருக்கடியில் படுத்தார். தாளை வைத்துத் தேய்த்தார். தாள் முழுக்க ஒரே கறுப்பு, முத்திரையின் தடமே இல்லை. தள்ளி வைத்துத் தேய்த்தார். அதுவும் கறுப்பு. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"உப்புக் காத்துல இத்தனை வருசம் நின்ன வண்டி. துரு ஒரு பொட்டுக்கூட இல்லையே, எப்படிங்க?"

ரோச்சின் தம்பி இனிகோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாங்க பாத்துக்கிடுதோம்லா சார். தோணியக் கரையேத்திச் சுரண்டுத மாதிரி, வருசாவருசம் மாதா திருவிழாவுக்கு முன்ன வண்டியச் சாய்ச்சுப் போட்டு, அடியெல்லாம் சுத்தியல் வச்சுத் தட்டி, அரம் போட்டு வழவழன்னு ராவி, மீனெண்ணெய் தடவி…"

ராவியதில் முத்திரையும் போயிருப்பது அங்கேதான் அவனுக்கு உறைத்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பாத்தாலே சீமை வேலைன்னு தெரியுதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா தெரியுதுன்னு நான் எழுத முடியாதே."

நான் ஃபாக்டரிக்கு மறுபடியும் எழுதினேன். கெஞ்சி எழுதினேன். முத்திரை இல்லாமல் எதுவும் சொல்வதற்கில்லை, வருந்துகிறோம் என்றார்கள். வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சீமையையே கொளுத்தியிருப்பேன். கையாலாகாதவனின் கோபம். ஆபீசுக்குப் போய் வேறு யாருக்கோ மனு எழுத உட்கார்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் கொடுத்திருந்த கெடு முடிந்ததும் மெக்கானிக் அய்யாக்குட்டி பிடியைக் கழற்றினான். பக்கத்துப் புதுக்கோட்டையில் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஏதோ ஒரு வண்டியின் கிளச் மிதியை வெட்டி, ஒட்டி, மாட்டினான். காரை ஓட்டிக்கொண்டு வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினான். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார்.

"என்னவே எழுதியிருக்காரு?" என்று ரோச் என்னிடம் கேட்டான்.

"வண்டி கம்பெனி செஞ்சபடியே இருக்குன்னு எழுதியிருக்காரு."

"ஓகோ" என்றான். ஊன்றுகட்டையால் அந்த மிதியைத் தட்டினான். "அப்ப இத்தன வருசம் நான் ஓட்டுனது என்னது?"

இன்ஸ்பெக்டர் உள்ளே போய்விட்டார். அய்யாக்குட்டி வீடு வரை ஓட்டி வருவதாகச் சொன்னான்.

"வேண்டாம்லே. என் வண்டிய நானே கொண்டு போறேன்" என்றான் ரோச். கட்டையைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தான். "இனிகோ, தள்ளு."

இனிகோ பின்னாலிருந்து தள்ளினான். அய்யாக்குட்டியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். கடற்கரைச் சாலையில் வெயில் ஏறியிருந்தது. எதிரே உப்பு ஏற்றி வந்த லாரிக்காரன் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினான்.

"என்ன அண்ணாச்சி, பெட்ரோல் தீந்து போச்சா?"

"ஆமாலே" என்றான் ரோச்.