மூன்று முறை அழைத்தும் நான் போகவில்லை

என் மகள் எஸ்தரின் கண் போனதற்கு நானே காரணம். பள்ளிக்கூட உபாத்தியாயர்தான் காரணம் என்று சபையாரிடம் சொன்னேனே... அது பொய்!

பூதப்பாண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். மிஷன் பள்ளிக்குப் புதிதாக வந்த சாமுவேல் சார் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். மாதம் ஒருநாள் தாய் தகப்பன்மார் பள்ளிக்கு வரவேண்டும். பிள்ளையின் பக்கத்திலே பலகையில் உட்கார்ந்து, அது படிப்பதைக் கேட்கவேண்டும். எல்லாரும் போனார்கள். நான் போகவில்லை.

ஏன் தெரியுமா? சாமுவேல் சாரின் தகப்பன் என் வயலில் நாற்றுச் சுமக்கிறவன். மகன் நாற்காலியில், நான் பலகையிலா? ஒருநாளும் ஜெபம் தவறாத என் நெஞ்சுக்குள் இருந்தது இதுதான்...

"அப்பா, சார் ஒங்கள வரச் சொன்னாரு."

"வயல்ல ஜோலி கெடக்குன்னு சொல்லுட்டி."

மூன்று முறை அழைத்தார். பிறகு வீட்டுக்கே வந்தார். நான் உள்ளே இருந்துகொண்டு, எஸ்தரைக் கொண்டே 'அப்பா இல்லை' என்று சொல்லச் செய்தேன்.

ஒருநாள் சாயங்கால ஜெபம். எஸ்தர் வேதத்தை மடியில் விரித்து வாசித்துக்கொண்டிருந்தாள். காற்றடித்து விளக்கு அணைந்தது. வாசிப்பு நிற்கவில்லை! அடுத்த வசனம், அதற்கடுத்தது...

"நிறுத்து மக்கா."

"ஏம்ப்பா, தப்பா வாசிச்சிட்டேனா?"

"வெளக்கு அணைஞ்சு போச்சே..."

அவள் கேட்டாள்: "எப்பப்பா?"

கர்த்தாவே! அவள் வாசித்ததெல்லாம் ஞாயிறு பள்ளியில் காதால் கேட்டு மனப்பாடம் பண்ணியது. எத்தனை மாதமாக!

"கரும்பலகை தெரியல்லேன்னு சாருகிட்டச் சொன்னேன். அதுக்குத்தான் ஒங்கள வரச் சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் மக்கா சொல்லல்ல?"

"நான் வாசிக்கும்போ நீங்க சந்தோசமா இருந்தியளேப்பா..."

வைத்தியர் கண்ணைப் பார்த்தார். "ஆறு மாசத்துக்கு முன்னாலே கொண்டுவந்திருந்தால்..." என்றார்.

பள்ளியை நடத்துகிற சபையார் விசாரித்தபோது, "பள்ளியிலே எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல்ல" என்றேன். சாமுவேல் சார் பின்னால் நின்றிருந்தார். அவர் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்? அவர் தகப்பனுக்குக் கஞ்சி என் வயலிலிருந்துதானே! அந்த மாதமே அவரைக் கீரிப்பாறை மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள்.

இப்போது இளைய மகளுக்காக மாதந்தோறும் முதல் ஆளாய்ப் போய்ப் பலகையில் உட்காருகிறேன். புது உபாத்தியாயர் மற்றவர்களுக்கு என்னைக் காட்டி, "தகப்பன்னா இப்படி இருக்கணும்" என்கிறார்.

இளையவள் வீட்டுக்கு ஓடிவந்து அதை அக்காளிடம் சொல்கிறாள். எஸ்தர் நான் நிற்கிற பக்கமாய் முகத்தைத் திருப்புகிறாள்.